மேட்டுத்தெரு பங்கிட்டுக்கொண்ட வலிப்பு

மேட்டுத்தெருவில் நாற்பத்தாறு வீடுகளும், வீட்டுக்கு இரண்டோ நான்கோ விசைத்தறிகளும், தறி ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே குரல் பெருத்துப்போன இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் இருந்த காலத்தில், அந்தத் தெருவில் வலிப்பு முப்பிடாதி ஒருத்திக்கு மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தடியில் முதல் தடவை விழுந்தவள், முப்பத்திரண்டு வயதுக்குள் குழாயடியிலும் ரேஷன் கடை வரிசையிலும் கோயில் கொடை விழாவிலும், கல்யாணத்தன்று மணவடையிலும்கூட விழுந்து எழுந்திருந்தாள். அவள் விழும்போதெல்லாம் தெரு கூடும். ஒருவர் இரும்புச் சாவியை அவள் கையில் திணிப்பார், ஒருவர் முகத்தில் தண்ணீர் அடிப்பார், மற்றவர்கள் வட்டமாக நின்று நான்கு நிமிடத்தையும் முழுசாகப் பார்த்துவிட்டு, "பாவம், போன பிறப்புல என்ன செஞ்சாளோ" என்று சொல்லிக்கொண்டே அவரவர் தறிக்குத் திரும்புவார்கள். அவள் புருஷன் ஆவுடையப்பன் எல்லாம் தெரிந்தே கட்டிக்கொண்டவன். அவன் தறி ஓட்டினான். அவளைத் தறிப்பக்கம் யாரும் விடமாட்டார்கள் என்பதால் அவள் வாசலில் உட்கார்ந்து நூலைக் குழலில் சுற்றிக் கொடுத்தாள்.

காலையில் நாலும் இரவில் நாலுமாக அவள் விழுங்கிய மாத்திரைகள் வலிப்பை நிறுத்தவில்லை, ஆசையைத்தான் நிறுத்தின. என்ன குழம்பு வைக்கலாம் என்று கேட்டால் ஏதாவது என்பாள். என்ன நிறத்தில் சேலை எடுக்க என்று கேட்டால் எதுவானாலும் சரி என்பாள். இருபத்து மூன்று வருஷமாக அவள் வாயிலிருந்து 'எனக்கு வேணும்' என்ற சொல்லை யாரும் கேட்டதில்லை.

மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்கு மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் தலைக்குள் கம்பி வைக்கிறார்கள், அரசாங்கக் காப்பீட்டிலேயே முடியும் என்று கேள்விப்பட்டு ஆவுடையப்பன் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே டாக்டர் மெஹருன்னிசா ஒரு தாளில் மண்டை ஓட்டை வரைந்து காட்டினார்.

"மூளையும் உங்க ஊரு மாதிரிதான்மா. தெருவுக்குத் தெரு பாதை இருக்கு. வலிப்பு ஏதோ ஒரு மூலையில பிறந்து, அந்தப் பாதை வழியா ஓடி ஊரையே கொளுத்துது. எல்லாப் பாதையும் வந்து சேர்ற முக்கு ஒண்ணு ஆழத்துல இருக்கு. அங்க ஒரு கம்பியை வச்சு, விடாம சின்னச் சின்னதா கரண்ட் குடுத்தா, ஓடி வர்றது வழி கிடைக்காம நின்னுடும்."

"நின்னுட்டு அது எங்க போகும்?" என்று கேட்டாள் முப்பிடாதி.

அதுவரை எந்த நோயாளியும் கேட்காத கேள்வி. டாக்டர் சிரித்துவிட்டு, "எங்கயும் போகாது" என்றார்.

தலையை மழித்து, இரண்டு கம்பிகளை இறக்கி, கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு பேட்டரியைத் தைத்து, புண் ஆறியபின் அதை முடுக்கிவிட்டு, வேண்டும்போது நிறுத்திக்கொள்ளக் கையடக்கமாக ஒரு ரிமோட்டையும் கொடுத்து அனுப்பினார்கள். ஊர் திரும்பிய எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, நூல் சுற்றிக்கொண்டிருந்த முப்பிடாதிக்கு வலிப்பு வரப்போகும் குறி தெரிந்தது. குழலைக் கீழே வைத்துவிட்டு, பழக்கப்படி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து மறுபடியும் நூல் சுற்றத் தொடங்கினாள்.

அதே நேரத்தில் தெருவில் அத்தனை தறியும் ஒரு விநாடி நின்றது. மூன்றாம் வீட்டுக்காரர் கையிலிருந்த டீ டம்ளர் தானாகத் துள்ளி விழுந்தது. ஐந்தாம் வீட்டு மருமகளுக்கு வெந்தயம் கருகும் வாடை அடித்தது, அடுப்பில் எதுவும் இல்லை. சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணில் மஞ்சள் வெளிச்சம் ஒன்று வந்து போனது. கல்யாணத் தரகர் ஒருவர் மாப்பிள்ளையின் படிப்பைச் சொல்ல வாயெடுத்து, அந்த ஒரு சொல் மட்டும் கிடைக்காமல் நின்றார். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமையும் இப்படியே நடந்து, வியாழக்கிழமையும் நடந்தபின், தண்ணீர் பிடிக்க வந்த இடத்தில் பெண்கள் ஆளுக்கொன்றாகச் சொல்ல, சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு முழு வலிப்பு வந்தது. வாடை, வெளிச்சம், நடுக்கம், நாக்குக் கடி, நினைவு தப்பல், ஒன்று குறையாமல்.

தறிக்காரர் சங்கத் தலைவர் கோமதிநாயகம் நாலு நிமிடத்தை இருநூற்றுப் பன்னிரண்டால் வகுத்து, தலைக்கு ஒரு விநாடிக்குச் சற்று மேல் என்று கண்டுபிடித்தார். தெருவில் மூன்று இரவு தொடர்ந்து தூங்கியவருக்குப் பங்கு உண்டு, தெருவைவிட்டு மூன்று இரவு வெளியே தூங்கியவருக்குப் பங்கு கிடையாது என்பதையும் விருந்தாளிகளை வைத்துத் தெரிந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டிடத்தில் கூட்டம் போட்டார்கள். முப்பிடாதி கடைசி வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு விநாடிதானய்யா. தும்மல் வந்தா நாம நிக்கலயா? ஒத்தைப் பிள்ளை சுமந்ததை இருநூறு பேரு சுமந்தா அது ஒரு சுமையா?" என்றார் கோமதிநாயகம். எல்லாரும் கை தட்டினார்கள். அந்த ஊரில் ஒரு தெரு ஒரே மனதாக ஒரு காரியத்தைச் செய்தது அதுதான் முதல் தடவை என்பதால், அவர்களுக்குத் தங்களையே ரொம்பப் பிடித்துப்போனது.

பங்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி வரவில்லை. எந்த வீட்டுக்கு எது என்று தானாகவே ஏற்பட்டிருந்தது. பக்கத்து வீட்டு வெள்ளத்தாய்க்கு வாடையும் இல்லை, நடுக்கமும் இல்லை, பயம் மட்டும் வந்தது. முதல் மாதம் முடிவதற்குள் ஒருநாள் அவள் வந்து முப்பிடாதியின் எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"பயம் மட்டும் வருது தங்கச்சி. எதுக்குன்னே தெரியல. பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி. நின்னுட்டு என்னைத் தெரியாதுன்னு சொல்லுத மாதிரி. ஒரு மூச்சு நேரம்தான், ஆனா கை கால் விட்டுப்போகுது." பிறகு கேட்டாள்: "இத்தனை வருஷமா இதையா ஒத்தையில வச்சுக்கிட்டு இருந்த?"

முப்பிடாதியிடம் அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

மூன்றாம் மாதம் மதுரைக்குப் போனபோது ஆவுடையப்பன் தெருவில் நடப்பதைச் சொன்னான். டாக்டர் மெஹருன்னிசா எத்தனை வீடு, எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டுக் கோப்பில் எழுதிக்கொண்டார். "பாதை தலைக்கு வெளியேயும் போகுது போல" என்றார். "குறைச்சு வைக்கவா?"

"வேண்டாம்" என்றாள் முப்பிடாதி, புருஷன் வாயைத் திறப்பதற்கு முன்னால். சொல்லிவிட்டு, தன் குரல் அவ்வளவு வேகமாக வந்ததைக் கண்டு தானே திடுக்கிட்டாள்.

ஏனென்றால் அவளுக்கு ஆசை வந்துவிட்டிருந்தது. முதலில் எலுமிச்சை ஊறுகாயின் மேல் வந்தது, பிறகு மாம்பழ நிறச் சேலை, பிறகு சைக்கிள். கடையில் தொங்கிய வளையலைப் பார்த்து, "எனக்கு அது வேணும்" என்றாள். ஆவுடையப்பன் நடுக்கடையில் நின்று அழுதான். டாக்டரிடம் கேட்டதற்கு, மூளைக்குள் டோபமைன் என்று ஒன்று ஊறுகிறது, ஒன்றை வேண்டும் என்று நினைக்கவைப்பது அதுதான், கம்பி வைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் அதன் ஊற்று, கரண்ட் அதையும் தட்டி எழுப்பியிருக்கும் என்றார். முப்பிடாதி சைக்கிள் பழகினாள். தறி ஓட்டப் பழகினாள். முப்பத்து மூன்று வயதில் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக மணியடித்துக்கொண்டு போனாள். வாசலில் நின்றவர்கள், தங்கள் ஒரு விநாடியால் ஓடும் சைக்கிள் அது என்று விருந்தாளிகளுக்குக் காட்டினார்கள்.

அந்தப் பெருமை பத்து மாதம் இருந்தது. தறிகள் வாரத்துக்கு இரண்டு தடவை சொல்லி வைத்தாற்போல் நின்றதால், மேட்டுத்தெருச் சேலை ஒவ்வொன்றிலும் குறுக்கே ஓர் இழை விட்டுப்போயிருந்தது. வியாபாரிகள் முதலில் அதை ஒரு தினுசு என்று சொல்லி விற்றார்கள், பிறகு பழுது என்று திருப்பி அனுப்பினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் தெருப்பெயரைக் கேட்டதும் காப்பியைக் குடிக்காமல் எழுந்தார்கள். முதலில் தரகர் வீடு மாற்றிக்கொண்டு போனார். போகும்போது வீடு வீடாக நின்று, பிள்ளைகள் படிப்புக்காகத்தான் போகிறேன் என்று சொன்னார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அதன்பின் சவரத்தின்போது மஞ்சள் வெளிச்சம் கண்டவர் குடும்பம், அதன்பின் மூன்றாம் வீடு. ஒரு வீடு போனால் அதன் பங்கு மற்ற வீடுகள்மேல் விழுந்தது, அந்தப் பாரத்தைத் தாங்காமல் இன்னொரு வீடு போனது. யாரும் முப்பிடாதியை ஒரு சொல் சொல்லவில்லை. வண்டியில் சாமான் ஏற்றும்போது அவள் வாசலில் நின்றால், "போயிட்டு வாரோம் தாயி" என்று அவள் காலைப் பார்த்துச் சொன்னார்கள்.

ஒன்றரை வருஷத்தில் போக வழியில்லாத முப்பது பேர் மிஞ்சினார்கள். ஆளுக்கு எட்டு விநாடி. எட்டு விநாடி என்பது தறியில் விரலை விடப் போதும், ஒருவர் விட்டார். மாடிப்படியில் உருளப் போதும். இப்போது பங்கு துண்டு துண்டாக வரவில்லை. வாடை, வெளிச்சம், பயம், நடுக்கம் எல்லாம் எல்லாருக்கும் வந்தது. வாரத்தில் இரண்டு தடவை தெரு முழுவதும் இருந்த இடத்தில் சாய்ந்து எழுந்தது. யாரும் யாரையும் தூக்கவில்லை, தூக்க ஆள் இல்லை. அந்த எட்டு விநாடியும் தெருவில் நேராக நின்றவள் முப்பிடாதி ஒருத்திதான். அவள் இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்குமாக ஓடி, எரிகிற அடுப்பை அணைத்தாள், ஓடுகிற தறியை நிறுத்தினாள், சாய்ந்த தலைகளுக்குக் கீழே கையை வைத்தாள்.

அந்தச் சமயத்தில் வெள்ளத்தாயின் மகள் தங்கபுஷ்பம் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். வேண்டாம், வராதே என்று வெள்ளத்தாய் சொல்லித்தான் பார்த்தாள். புருஷன் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, எட்டு விநாடிதானே என்று மகள் வந்துவிட்டாள். பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று இரவு தெருவில் தூங்கியபின், நாலாம் நாள் பகலில், தெரு சாய்ந்தபோது குழந்தையும் விறைத்தது.

குழந்தைக்கும் பங்கு உண்டு என்பதை யாரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. பங்குக்கு ஆள் சின்னதா பெரிதா என்று தெரியவில்லை. கோமதிநாயகத்துக்குக் கொடுத்த அதே எட்டு விநாடியை இரண்டே முக்கால் கிலோ எடையுள்ள உடம்புக்கும் அது கொடுத்தது. முப்பிடாதி ஓடிப்போய்ப் பார்த்தபோது தாயும் மகளும் சுவரோரம் சாய்ந்து கிடந்தார்கள், நடுவில் பாயில் குழந்தை நீலம் பாரித்து, கையை இறுக்கிக்கொண்டு, மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். உள்ளேயிருந்து பார்த்த பார்வை அது.

குழந்தையை ஒருக்களித்துப் போட்டாள். அது மூச்சு விடும்வரை இருந்தாள். பிறகு வீட்டுக்கு வந்து, தறியிலிருந்த ஆவுடையப்பனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நிறுத்தப் போறேன்."

"இந்தா புள்ள, டாக்டரம்மாவக் கேட்டுட்டு..."

"கேட்டா குறைக்கச் சொல்லுவாவ. குறைஞ்சாலும் அது பச்சப் புள்ளைக்குப் போகும்."

"உனக்கு வருமே."

"எனக்குப் பழக்கம்" என்றாள். சொல்லிவிட்டு, "இன்னும் ஒரே ஒரு தடவை சைக்கிள்ல போயிட்டு வாரேன், அதுக்கப்புறம் நிறுத்துதேன்" என்றாள். போனாள். தெருவின் கோடிவரை போய்த் திரும்பி, இன்னொரு தடவையும் போனாள். திரும்பிவந்து நிறுத்தினாள்.

வலிப்பு திரும்பும் முன் ஆசைகள் போயின, வந்த வரிசைக்கு நேர்மாறாக. ஒரு வாரத்தில் சைக்கிளைப் பார்த்தால் அது இரும்பாக மட்டும் தெரிந்தது. பத்தாம் நாள் மாம்பழ நிறச் சேலையைத் துடைக்கிற துணியோடு சேர்த்துப் போட்டாள். கடைசியாக எலுமிச்சை ஊறுகாயும் போனது. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, தெரு நடுவில், தண்ணீர்க் குடத்தோடு விழுந்தாள்.

இருபத்து மூன்று வருஷமாக அவள் விழுந்தபோதெல்லாம் கூடிய தெரு அன்று கூடவில்லை. குடம் உருண்ட சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முன்பு என்னவென்று தெரியாததால் நின்று பார்க்க முடிந்தது. இப்போது அவள் உள்ளே எங்கே இருக்கிறாள், எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அது எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். எட்டு விநாடியைத் தாங்காதவர்கள் நாலு நிமிடத்தை எப்படிப் பார்ப்பார்கள்? கதவுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவள் நாலு நிமிடமும் ஈர மண்ணில் தனியாகக் கிடந்தாள்.

செய்தி பரவி, போனவர்கள் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்தார்கள். வெள்ளை அடித்தார்கள், தறி போட்டார்கள், இழை விடாத சேலைகள் சந்தைக்குப் போயின. ஒருநாள் கோமதிநாயகம் முப்பிடாதி வீட்டுக்கு வந்தார், இரண்டு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டு, நின்றபடியே பேசினார்.

"தாயி, கையெடுத்துக் கும்பிடுதேன். அதைத் திரும்பவும் போட்டுராத."

"போட மாட்டேன் மாமா."

"நாங்க கெட்டவங்க இல்ல."

"தெரியும் மாமா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை.

எல்லாம் நேரானதுபோல் இருந்தது, தங்கபுஷ்பத்தின் குழந்தையைத் தவிர. கரண்டை நிறுத்தியபின்னும் அதற்கு வலிப்பு நிற்கவில்லை. பெரியவர்களின் மூளையில் வந்து போனது, அந்தப் புதிய மூளையில் தனக்கென ஒரு பாதையைப் போட்டுக்கொண்டுவிட்டது. இப்போது அது முப்பிடாதியின் வலிப்பு இல்லை, குழந்தையின் சொந்த வலிப்பு. அதற்கென்று நேரம், அதற்கென்று நீளம். ஏழு மாதத்திலும் கழுத்து நிற்கவில்லை. தகப்பன் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனவன், பிறகு வரவில்லை.

ஒரு மத்தியானம் தங்கபுஷ்பம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முப்பிடாதியிடம் வந்தாள். வாசலிலேயே கேட்டாள்.

"சித்தி, அதைத் திரும்பப் போடுங்க."

முப்பிடாதி அவளையே பார்த்தாள்.

"எல்லாரும் வந்துட்டாங்கல்ல. இருநூறு பேரு இருக்காங்க. நீங்க போட்டா பாதை திறக்கும். உங்களுக்கு வர்றது போகும்போது இவளுக்கு வர்றதும் கூடவே போயிரும். ஆளுக்கு ஒரு விநாடி, ரெண்டு விநாடி. முதல்ல கை தட்டினவங்கதான?"

"கோமதிநாயக மாமாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"எனக்கு யாரு வாக்குக் குடுத்தா?"

முப்பிடாதி குழந்தையைக் கையில் வாங்கினாள். அதன் இமை துடிக்கத் தொடங்கியிருந்தது. வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அரிசிப் பானைக்குள் வைத்திருந்த ரிமோட்டை எடுத்துவரச் சொல்லி, வாக்கைப் பற்றி மேற்கொண்டு நினைக்காமல், முடுக்கினாள். பேட்டரி உயிரோடுதான் இருந்தது. கழுத்தெலும்புக்குக் கீழே லேசான சூடு ஏறியது.

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். குழந்தை விறைத்தது, பிறகு வெட்டி இழுத்தது. தெருவில் யாரும் டம்ளரைப் போடவில்லை, யாரும் பேச்சை நிறுத்தவில்லை. எதிர்வீட்டுப் பெண் ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள், அவள் கை ஓர் இமைப்பொழுதும் நிற்கவில்லை. முப்பிடாதி பட்டனை அழுத்திப் பார்த்தாள், மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். பாதை மூடிவிட்டிருந்தது. ஏன் மூடியது என்று பிற்பாடு டாக்டராலும் சொல்ல முடியவில்லை. சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று மட்டும் சொன்னார். முப்பிடாதிக்கும் அதன்பின் அந்தக் கரண்டால் வலிப்பும் நிற்கவில்லை, ஆசையும் வரவில்லை.

"போகலயா சித்தி?"

"போகல. நீ பிடிக்காத, அமுக்காத. சரிச்சுப் போடு. அதுவா முடியும்."

தங்கபுஷ்பம் அழவில்லை. புடவைத் தலைப்பால் குழந்தையின் வாயோர நுரையைத் துடைத்தாள். மூன்று நிமிடம் கழித்து இழுப்பு அடங்கியது. கண் திறந்திருந்தது, ஆனால் குழந்தை இன்னும் திரும்பி வரவில்லை.

"பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்றாள் முப்பிடாதி. "இதுலேருந்து வெளிய வரும்போது எந்தப் பக்கம் போறதுன்னே தெரியாது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். யாராவது பேரச் சொன்னாத்தான் அந்தப் பக்கம் வர முடியும். கூப்பிடு."

தங்கபுஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேரு வைக்கல சித்தி. வச்சுட்டு அப்புறம் இவ போயிட்டான்னா... அதான் வைக்கல."

குழந்தை மேலே பார்த்துக்கொண்டிருந்தது. தாமதிக்க நேரமில்லை. முப்பிடாதி குனிந்து அதன் காதோரம் வாயை வைத்து, தனக்குத் தெரிந்த, இருட்டுக்குள் இருந்து ஒருத்தியைத் திரும்ப அழைத்துப் பழகிய ஒரே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"முப்பிடாதி," என்றாள். "ஏ முப்பிடாதி. இங்க வா."